தீட்டும் மெருகும்

1

எங்கள் ஆயா காப்பித்தண்ணி குடித்த பீங்கான் கோப்பைக்குக் காது கிடையாது. விளிம்பிலும் ஒரு பல் போயிருக்கும். வெள்ளையில் நீலப்பூ போட்டது. ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் எப்போதும் செருகியிருக்கும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிற கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போன காலம் அது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் கூடப் போவேன். சாயங்காலம் பருத்தியை நிறுத்துக் கொடுத்த பிறகு ஆயா எரவாணத்துக்குக் கையை நீட்டிக் கோப்பையை எடுப்பாள். கொல்லைப்பக்கம் போய்க் குந்துவாள். வீட்டம்மா செம்பை ஒசத்திப் பிடித்து ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் ஆயாவே அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய இடத்தில் செருகிவிட்டு வருவாள்.

காது இருந்தவரை அது வீட்டுக்குள் இருந்த கோப்பைதான். காது உடைந்ததும் கொட்டகைக்கு வந்தது, நமக்கும் வந்தது.

ஒருநாள் கேட்டேன். "ஏன் ஆயா, நீதான் வெள்ளையா தேச்சுக் கழுவுறியே, அப்பறம் ஏன் உள்ள எடுத்து வைக்க மாட்டேங்கிறாங்க?" ஆயா சொன்னாள்: "சும்மா வா புள்ள, கூலி வாங்கிட்டுப் போவோம்."

ஆயா பதில் சொல்லாமல் விட்ட கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். தீட்டு எங்கே இருக்கிறது? எதுவுமே ஒட்டாத ஒரு பாத்திரத்தில் அவர்கள் எதைக் கண்டு விலகினார்கள்? இந்தக் கேள்வியை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது புத்தகம் அல்ல; ஒரு சூளை.

2

இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் இரவுப் பாடசாலையில் ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் குடிக்கிற டம்ளரை நாமே செய்தால் என்ன? புதுச்சேரியில் மண்பாண்டக் கலை படித்த தோழர் ஒருவர் கூட இருந்தார். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வழியாக, 'ஸ்டோன்வேர்' என்கிற உயர்சூட்டுப் பாண்டமும் அதற்கு கிளேஸ் போடுகிற சோதனைகளும் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. தோழர் கற்றதும் அந்த வழிமுறைதான். பக்கத்து ஊரில் வேளார் அண்ணன் ஒருவர் சக்கரத்தோடு வந்து சேர்ந்துகொண்டார். சின்ன கேஸ் சூளை ஒன்றை இரவல் வாங்கினோம். பிள்ளைகள் கையாலேயே கிள்ளியும் தட்டியும் டம்ளர் செய்தார்கள். கொஞ்சத்தை அண்ணன் சக்கரத்தில் ஏற்றி இழுத்தார்.

கிளேஸ் என்பது கண்ணாடிதான். மண்பாண்டத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடித் தோல். மணலில் இருக்கிற சிலிக்கா தனியாக உருகவேண்டுமானால் 1700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சுண்ணாம்பு, சாம்பல், பெல்ட்ஸ்பார் மாதிரியானவை சேர்ந்தால் 1200 டிகிரி சுமாருக்கே இளகிவிடும். வழிந்து ஓடாமல் பிடித்துவைக்கக் களிமண்ணில் உள்ள அலுமினா வேண்டும். இந்த மூன்றையும் எந்தக் கணக்கில் கலப்பது என்பதுதான் சோதனை. சீனத்துக் குயவர்கள் மூவாயிரம் வருசத்துக்கு முன்பே இதைக் கண்டுகொண்டார்கள். சூளையில் எரிந்த விறகின் சாம்பல் பறந்து பானைமேல் விழுந்து உருகியிருந்ததைப் பார்த்துப் படித்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் பஞ்சமில்லை. அரியலூர்ப் பூமி ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் இறுகிய கல்லைத்தான் இன்றைக்கு சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் சீமைக்கருவேலமும் எரிகிற அடுப்பு எத்தனையோ. உமிக்கு நெல் மில் இருக்கிறது. வெள்ளைக் களிமண்ணை விருத்தாசலத்திலிருந்து வாங்கிவந்தோம். நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கிற களிமண்ணை வைத்து வளர்ந்த பீங்கான் தொழில் அந்த ஊரில் இருக்கிறது.

பதினெட்டு வில்லைகளில் பதினெட்டுக் கலவை பூசி 1240 டிகிரியில் சுட்டோம். பருத்திமார்ச் சாம்பல் மட்டும் பூசியது இளம்பச்சையும் பழுப்புமாகக் கோடு கோடாக வழிந்து தட்டில் ஒட்டிக்கொண்டது. உமிச்சாம்பல் மட்டும் போட்டது உருகவே இல்லை. அதில் 90 விழுக்காடு அளவுக்குச் சிலிக்காதான். உமிச்சாம்பலோடு அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்தூளும் பெல்ட்ஸ்பாரும் கொஞ்சம் வெள்ளைக் களிமண்ணும் சேர்த்தது பால்வெள்ளையாக அமைந்தது. எங்கள் ஏரிச் செம்மண்ணைக் கூடுதலாகக் கலந்தது, இரும்புச்சத்தால் கருப்பட்டி நிறத்துக்கு வந்தது. ஏரிமண்ணிலேயே செய்த டம்ளர் ஒன்றையும் வைத்துப் பார்த்தோம். அது குமிழ்விட்டுக் கருகி அப்படியே உட்கார்ந்துவிட்டது. 700, 800 டிகிரியில் நாட்டுச் சூளையில் வேகிற மண் அது.

தோழர் பால்வெள்ளை வில்லையைக் கையில் எடுத்துச் சொன்னார்: "இதுல இனிமே எதுவும் ஒட்டாது. புளி, எண்ணெய், எச்சில், எதுவும் உள்ள போகாது." எனக்கு எரவாணத்துக் கோப்பை ஞாபகம் வந்தது.

3

மண்பாத்திரம் உறிஞ்சும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அதனால்தான் பானை வியர்க்கிறது, தண்ணீர் குளிர்கிறது. சாதி இந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டது. மனுஸ்மிருதி ஐந்தாம் அத்தியாயம் பாத்திர சுத்திக்கு ஒரு பட்டியலே போடுகிறது. உலோகத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். மண்பாத்திரத்தை மறுபடி சுடவேண்டும். கள், மூத்திரம், மலம், எச்சில், ரத்தம் பட்ட மண்பாத்திரம் மறுபடி சுட்டாலும் தேறாது. பத்தாம் அத்தியாயத்துக்கு வந்தால், ஊருக்கு வெளியே குடியிருக்கவேண்டிய சண்டாளர் உடைந்த பாத்திரத்தில் சாப்பிடவேண்டும் என்று விதிக்கிறது. காது போன கோப்பைக்கு அங்கேயே சட்டம் எழுதியாகிவிட்டது.

பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவர் எச்சில் துப்புவதற்குக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு புனா நகரத்துக்குள் நடக்கவேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' (1936) நூலில் அம்பேத்கர் சொல்கிறார். நம்முடைய எச்சில் தெருமண்ணில் விழக்கூடாது, கலயத்து மண்ணில் விழலாம். 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் இறங்கித் தண்ணீர் குடித்த பிறகு, சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதை வைத்து? பால், தயிர், சாணம், மாட்டு மூத்திரம் நிரப்பிய 108 மண்குடங்களைக் குளத்தில் முக்கி. நாம் தொட்டால் கெட்டுப்போகிற மண்குடம், அவர்கள் கையில் தீட்டுக் கழிக்கும் கருவியாகிவிடுகிறது. அதே வருசம் டிசம்பர் 25-இல் மகாட்டில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது.

ஒரு வாதம் எப்போதும் வரும். "அந்தக் காலத்துச் சுகாதாரம்ங்க அது, மண் உறிஞ்சுமில்ல, அதுக்காகச் சொன்னது." படித்தவர்கள்தான் அதிகமாகச் சொல்கிறார்கள். சரி, சோதித்துப் பார்ப்போம். சுகாதாரம்தான் காரணம் என்றால், உறிஞ்சாத பாத்திரம் வந்த அன்றைக்குத் தீட்டு செத்திருக்கவேண்டும். 1240 டிகிரித் தீயில் வெந்து கண்ணாடி போர்த்திய கோப்பையில் எந்தக் கிருமி மிஞ்சும்? ஆனால் ஆயாவின் கோப்பை எரவாணத்திலேயேதான் இருந்தது.

உறிஞ்சாத பாத்திரம் நேற்று வந்ததும் இல்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்கிற இடத்தைத் தோண்டியபோது, ராசேந்திர சோழனின் அரண்மனை இருந்த மண்ணிலிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சோழத் தூதர்கள் சீனத்துக்குப் போய்வந்த காலம் அது. அதே சோழர் காலத்தில்தான், ராசேந்திரனின் அப்பன் ராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று தனியாகக் குறிக்கின்றன. எதுவும் ஒட்டாத கிண்ணம் அரண்மனைக்கு வந்துவிட்டது. தீண்டாச்சேரியும் கல்லில் ஏறிவிட்டது. இரண்டுக்கும் ஒரு முரண்பாடும் இருக்கவில்லை.

4

டீக்கடைக்கு வருவோம். கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். பிறகு அலுமினியக் குவளை. நமக்கு அலுமினியம் என்றால் அவர்களுக்குக் கண்ணாடி. நாமும் கண்ணாடி கேட்டபோது, கண்ணாடியிலேயே இரண்டு வரிசை வைத்தார்கள். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் வந்தன. இரட்டைக் குவளையை எடுக்கச் சொல்லிப் போராடிய ஊர்கள் பலவற்றில் கடைக்காரர் கண்டுபிடித்த வழி, குடித்துவிட்டு எறிகிற கப்பு. எல்லாருக்கும் ஒரே கப்பு. ஆனால் ஒருவர் குடித்ததில் இன்னொருவர் குடிக்கவேண்டியதில்லை. இதைச் சமத்துவம் என்று நினைத்து நாமும் கொஞ்சநாள் சந்தோசப்பட்டோம்.

வடக்கே இதற்கு மண்ணிலேயே ஒரு வடிவம் உண்டு: 'குல்ஹட்'. குடித்ததும் உடைத்துப் போடுகிற மண்கிண்ணம். 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது ரயில் நிலையங்களுக்கு அதைக் கொண்டுவந்தார். சுற்றுச்சூழலுக்கு நல்லது, குயவர்களுக்கு வேலை என்றார்கள். உண்மைதான். ஆனால் அடுத்தவர் எச்சில் பட்டதைத் தொடமாட்டேன் என்கிற சமூகத்துக்கு, ஒரு தடவை குடித்து உடைக்கிற பாத்திரம் எவ்வளவு வசதி என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா?

ஆக மண், கொட்டாங்குச்சி, அலுமினியம், பீங்கான், கண்ணாடி, காகிதம் என்று பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உறிஞ்சுவதும் இருக்கிறது, உறிஞ்சாததும் இருக்கிறது. விதி மட்டும் மாறவில்லை. தண்ணீருக்கும் அதே கதைதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. சிமெண்ட் பூசி இறுக்கிய தொட்டிதான். ஒரு துளி கசியாமல் கட்டலாம். அதனால் என்ன பாதுகாப்பு வந்தது?

வேளார் அண்ணன் விசயத்தையும் சொல்லியாகவேண்டும். அவரும் ஊரில் கடைசித் தெருக்காரர்தான். அவர் செய்கிற குதிரையும் கலயமும் கோயிலுக்குப் போகும். அவருக்கு மரியாதை திருவிழா அன்றைக்கு மட்டும். முதல்தடவை எங்கள் தெருவுக்கு வந்தபோது அம்மா டீ போட்டாங்க. "இப்பத்தான் குடிச்சேன் தங்கச்சி, வேணாம்" என்றார். என் தம்பி ஓடிப்போய் ஒரு கலர் பாட்டில் வாங்கிவந்தான். மூடி திறக்காதது. முழுசும் குடித்தார். நம்ம வீடுகளுக்கு ஊர்க்காரர் வந்தால் நடக்கிற வழக்கம்தானே இது! கண்ணாடிப் பாட்டில் நம்ம கையிலிருந்து அவரைக் காப்பாற்றியது.

ராத்திரி முழுக்கச் சூளை எரிந்து, மறுநாள் ஆறவைத்து, அதற்கும் மறுநாள் விடியக்காலை திறந்தோம். டம்ளர்கள் வந்திருந்தன. அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டிப் பார்த்தார். "மணி மாதிரி கேக்குது பாருங்க" என்றார். எனக்குத் தோன்றியது, செய்தேன்: கருப்பட்டி நிறத்து டம்ளரில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினேன். கொஞ்சநேரம் டம்ளரையே பார்த்தார். குடித்தார். போகிறபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க தெருவுல யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க தங்கச்சி."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். மறைத்துக் குடித்த டீ சமத்துவமா? இல்லை. குடிக்காமல் போனதைவிட மேலா? மேல்தான். இந்த இரண்டு பதிலையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. அவர் ஊரையும் பேரையும் நான் எழுதவில்லை.

5

பளபளப்புக்கு விலை கொடுப்பது யார் என்பது இன்னொரு கேள்வி. குறைந்த சூட்டில் கிளேஸ் உருகவேண்டும் என்பதற்காகப் பல தேசங்களில் ஈயத்தைக் கலந்தார்கள். ஈயம் போட்டால் நாட்டுச் சூளைக்குப் பக்கமான சூட்டிலேயே மினுமினுப்பு வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பாண்ட ஆலைகளில் ஈயக் குழம்பில் பாத்திரத்தை முக்கியெடுத்த தொழிலாளிகள், பெண்களும் இளவயதுப் பிள்ளைகளும் உட்பட, ஈய நஞ்சேறிக் கிடந்தார்கள். கரு கலைந்தது, கை தளர்ந்தது, பார்வை போனது. கோப்பை மட்டும் கனவான்கள் வீட்டு மேசையில் மின்னியது.

எங்கள் சோதனைக்காகக் கல்தூளைச் சலித்த அன்று தோழர் எல்லாருக்கும் முகமூடி கொடுத்தார். சிலிக்காத் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. ஒருநாள் சலிக்கிற நமக்கு முகமூடி. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரியிலும் கிரஷரிலும் வருசம் பூராவும் அந்தத் தூளைத் தின்கிறவர்களில் நம்ம சனம் எத்தனை பேர்? ஈயம் கலந்த கிளேஸ் எங்கள் சூளையில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மினுமினுப்புக் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

6

இனி என்னைப் பற்றி. எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபோது வகுப்பில் நான் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். ஆறு மாசத்தில் என் பேச்சுக்கு நானே கிளேஸ் போட்டேன். எங்கள் தெருவின் வார்த்தை ஒன்றுகூட வெளியே தெரியாதபடி. வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மாவட்டத்தின் பேரைச் சொல்லி நிறுத்தினேன். 'இலக்கியத் தமிழ் பேசுற புள்ள' என்று வீடு கொடுத்தார்கள். எதுவும் ஒட்டாது, எதுவும் கசியாது. மூன்று மாசம் கழித்து ஆயா என்னைப் பார்க்க வந்தாள். வந்த பத்தாம் நாள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

படித்து வேலைக்குப் போன நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம். யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. வீடு வேண்டும், வேலை வேண்டும். ஆனால் சூளையில் ஒன்று பார்த்தேன். ஆறும்போது மண் ஒரு கணக்கில் சுருங்கும், கிளேஸ் இன்னொரு கணக்கில் சுருங்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கண்ணாடித் தோலில் மயிரிழை விரிசல் ஓடும். எங்கள் டம்ளர்களில் நாலு அப்படி வந்தன. டீ குடிக்கக் குடிக்க அந்தக் கோடுகளில் கறை ஏறியது. நான் போட்ட கிளேஸ், ஆயா வாசலுக்கு வந்த அன்றைக்கு விட்ட விரிசலும் அதே கதைதான்.

நைஜீரியாவில் லாடி குவாலி என்று ஒரு பெண் இருந்தார். தன் இனத்துப் பெண்கள் செய்கிற தண்ணீர்ப்பானையைக் கையாலேயே வளைத்து, மேலே பல்லி, பாம்பு, தேள் கீறிச் செய்தவர். ஆங்கிலேயரான மைக்கேல் கார்டியூ அபுஜாவில் நடத்திய பயிற்சி நிலையத்தில் 1954-இல் சேர்ந்தார். அங்கே அவருடைய பானைக்குக் கிளேஸ் ஏறியது. உலகம் சுற்றியது, கண்காட்சிக்குப் போனது. இன்றைக்கு நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கம் அவர் படம் இருக்கிறது. ஒரு கிராமத்துக் குயத்திக்கு இந்த மரியாதை கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் கிளேஸ் போட்ட பானை வியர்க்காது, தண்ணீரைக் குளிரவைக்காது. எந்த வேலைக்காக அந்த வடிவம் பிறந்ததோ அந்த வேலையை அது விட்டுவிட்டது. மரியாதை வேண்டுமென்றால் துளைகளை அடைத்துக்கொள் என்று சொல்கிற உலகம் இது.

இதனால் 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்று பாடப்போகிறேன் என்று நினைக்கவேண்டாம். மண்கலயத்தில் கூழ் குடித்தது நம்ம ஆசைக்கு அல்ல, வேறு கிடைக்காமல். கழுவ லேசான, புளிப்புக்கு அஞ்சாத, அழகான கோப்பை நமக்கும் வேண்டும். எதற்குக் கிளேஸ் போடுவது, எதற்குப் போடக்கூடாது என்பதை நாம் முடிவு செய்யவேண்டும். அவ்வளவுதான். பாத்திரம் எவ்வளவு ஒட்டாதது என்பதை வைத்து ஒரு சமூகத்தின் நியாயத்தை அளக்கமுடியாது. அதே பாத்திரம் கைமாறுகிறதா என்று பார்க்கவேண்டும். தமிழில் 'தீட்டு' என்றால் அழுக்கு. 'தீட்டு' என்றால் மெருகேற்று, கூராக்கு என்றும் பொருள். நம்மை மெருகேற்றிக்கொண்டால் அவர்கள் தீட்டு போய்விடும் என்று நம்பிக் கெட்டது போதும். மெருகேற்றவேண்டியது கத்தியைத்தான், நம்ம தோலை இல்லை.

7

டம்ளர்கள் பாடசாலைக்கு வந்தபோது ஒரு தகராறு. ஆறாவது படிக்கிற பையன் ஒருவன், தான் செய்த டம்ளரில் பேர் எழுதித் தனக்கே வேண்டும் என்றான். நியாயமான ஆசை. அவன் கை செய்தது. ஆனால் 'ஆளுக்கொரு தனிக்குவளை' என்ற வார்த்தையை நம்ம தெருவில் சாதாரணமாகச் சொல்லமுடியுமா? பிள்ளைகளிடமே விட்டோம். ஒருமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில், செய்தவர் பேரை அடியில் கீறுவது, யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் குடிப்பது என்று முடிவானது. அந்தப் பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு மற்ற பிள்ளைகள் டம்ளரைக் கவிழ்த்து அவன் பேரைப் படிக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டான்.

தண்ணீர்ப்பானைக்குக் கிளேஸ் போடவில்லை. ஏரிமண்ணில் அண்ணன் செய்து, அவர் சூளையிலேயே சுட்டுக் கொடுத்தார். சைக்கிளில் கட்டி அவரே கொண்டுவந்து திண்ணையில் மணல் பரப்பி உட்கார வைத்தார். இப்போது அது பாடசாலை வாசலில் வியர்த்துக்கொண்டிருக்கிறது. மூடிமேல் கருப்பட்டி நிற டம்ளர் ஒன்று கவிழ்ந்திருக்கும். அந்த வழியாகப் போகிற ஊர்க்காரர்களில் இரண்டொருவர் நின்று குடிக்கிறார்கள். மற்றவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அண்ணன் மறுபடி வந்தால் அதிலிருந்துதான் மொண்டு கொடுப்பேன், பட்டப்பகலில், வாசலில் வைத்து. அவர் வாங்குவாரா என்று எனக்குத் தெரியாது.